கொடிக்குள் வைத்த குங்குமம்

அன்று கொடிக்கம்பத்தைச் சுற்றி நின்றவர்களை ஒருவர் விடாமல் இன்றைக்கும் சொல்லுவேன். தலைமையாசிரியை கோமதி டீச்சர். கணக்கு எடுக்கும் ரோஸ்மேரி டீச்சர். பெற்றோர் சங்கத் தலைவர் வேலாயுத அண்ணாச்சி. வாட்ச்மேன் மாடசாமி. மயில் வேஷம் கட்டிய சிவகாமி, புலி வேஷத்துக்குள் அழுதுகொண்டிருந்த இசக்கி, அட்டைக் கோபுரத்தைத் தலையில் சுமந்த பீர். வரிசையில் நின்ற மற்றப் பிள்ளைகளின் பேரும் தெரியும், தாள் போதாது. பிறகு சத்துணவு சமைக்கிற செண்பகமாகிய நான். எனக்குப் பக்கத்தில் முக்காட்டை இழுத்து விட்டுக்கொண்டு நீ.

மூன்று நாளைக்கு முன் மருமகள் ஒரு தேசியக் கொடியோடு வந்தாள். வீட்டுக்கு வீடு கட்டச் சொல்லிக் கொடுத்தார்களாம். மாடிக் கைப்பிடியில் கட்டினாள். சாரல் அடித்துக்கொண்டிருந்தது. தண்ணீர் அந்தத் துணியில் ஒட்டவே இல்லை. சேம்பிலையில் விழுந்த மாதிரி உருண்டு ஓடிவிட்டது. முனையைப் பிடித்து மோந்து பார்த்தேன். கஞ்சி வாசமும் இல்லை, சாய வாசமும் இல்லை.

"என்னத்தே, கொடியப் போயி மோந்து பாக்குதிய?" என்று சிரித்தாள் மருமகள்.

உள்ளே போய் ட்ரங்குப் பெட்டியைத் திறந்தேன். அடியில், என் கல்யாணச் சேலைக்கும் கீழே, நீ தைத்த கொடி இருக்கிறது. அது அன்றைக்கே சாம்பலாகிவிட்டது என்றுதான் சாகிற வரைக்கும் நீ நினைத்திருந்தாய்.

உனக்கும் எனக்கும் பழக்கம் வந்தது பிள்ளைகளின் சீருடையால். எங்கள் பள்ளிக்கூடத்துச் சீருடை எல்லாம் நீ தைத்ததுதான். அளவெடுக்க வரும்போதெல்லாம் சத்துணவு அடுக்களைக்கு வந்து, கவிழ்த்துப் போட்ட அண்டாவின் மேல் உட்காருவாய். என்னைவிட இரண்டு வயது மூத்தவள் என்று உன்னை மைனி என்றேன். பேர் சொல்லி நான் உன்னைக் கூப்பிட்டதே கிடையாது. அப்போது என் வீட்டுக்காரர் போய்ச் சேர்ந்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை. இரண்டு சின்னப் பிள்ளைகள். வேலை நிரந்தரமாகவில்லை. சோறு குழைந்தால்கூட வேலை போய்விடுமோ என்று பயந்து பயந்து சமைத்த காலம்.

அந்த வருஷம் சுதந்திர தினத்துக்கு இரண்டு நாள் இருக்கும்போதுதான் பழைய கொடியை எலி கடித்திருந்ததைப் பார்த்தார்கள். தென்காசிக் கடைகளில் பெரிய கொடி தீர்ந்துபோயிருந்தது. கோமதி டீச்சர் உனக்கு ஆள் அனுப்பினார். நீ கடைக்கே போகவில்லை, வீட்டில் இருந்த துணியிலேயே தைத்தாய். உன் மாமனார் அசன் மாமா நூலுக்குச் சாயம் போடுகிறவர். மலைக்குப் போகும் ஐயப்பமார்களுக்காக நெய்த காவி வேட்டியிலிருந்து மேல்பட்டை எடுத்தாய். பள்ளிவாசல் சமாதியில் போர்த்துவதற்காக நெய்த பச்சையிலிருந்து கீழ்ப்பட்டை. நடுவில் வெறும் வேட்டித் துணி. சக்கரத்தை நீல நூலில் நீயே தைத்தாய். ஆரம் இருபத்துநாலு இருக்கிறதா என்று ரோஸ்மேரி டீச்சர் இரண்டு தடவை எண்ணிப் பார்த்தார்.

"கல்லுல அடிச்சாலும் எங்க மாமா சாயம் போவாதுட்டி" என்று நீ சொன்னதில் பொய் இல்லை. செங்கோட்டைக் கடைக்காரர்கள் அந்தச் சாயத்துக்காகவே உங்கள் வீட்டு வாசலில் வந்து காத்துக் கிடப்பார்கள்.

காலையில் பிள்ளைகளுக்கு வேஷம் கட்டியதும் நீதான். தேசியச் சின்னங்கள் என்று ஊர்வலம் வைத்திருந்தார்கள். சிவகாமியின் முதுகில் மயில்தோகையைக் கட்டிக்கொண்டே, "இதத் தேசியப் பறவைங்குதாவ. எங்க அண்ணன் வயலுக்குள்ள வந்தா கல்லெடுத்துல்லா எறியுதான்" என்றாய்.

இலஞ்சிக் குமரன் கோயில் பக்கத்தில் பிறந்தவளுக்குக் கோபம் வராதா? "எங்க குமரனுக்கு வாகனமாக்கும் அது" என்றேன்.

"அப்ப உங்க குமரன்ட்டச் சொல்லி வண்டியக் கட்டிப் போடச் சொல்லுட்டி."

பீர் தலையில் மாநிலச் சின்னமான கோபுரம். தென்காசிக் கோபுரம் அப்போது இரண்டாகப் பிளந்து மொட்டையாய் நின்றது. "ஊர்க் கோபுரந்தான் பொளந்து நிக்குது. ஏலே பீரு, நீயாவது நேரா நில்லுலே" என்று அவன் தலையை நீ திருப்பி வைத்ததும் ரோஸ்மேரி டீச்சர்கூட வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்.

கொடிக்குள் பூ வைத்து மடிக்கிற வேலை என்னிடம் வந்தது. ரோஜா இதழ், பிச்சி, கொழுந்து. எனக்குக் கொடியேற்றம் என்றால் தெரிந்தது எங்கள் கோயில் கொடியேற்றம்தான். சந்தனமும் குங்குமமும் வைக்காமல் அங்கே கொடியை ஏற்ற மாட்டார்கள். அன்று காலை கோயிலில் வாங்கிய குங்குமப் பொட்டலம் என் மடியில் இருந்தது. பூவோடு சேர்த்து அதையும் கொட்டினேன். நீ பார்த்துக்கொண்டுதான் இருந்தாய். வேண்டாம் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்.

"எங்க பள்ளிவாசல் கொடியவும் சந்தனம் பூசித்தான் ஏத்துவோம். வையி, நாட்டுக்கும் நல்லதுதான்" என்றாய். மடிப்பை அமுக்கிப் பிடித்ததுகூட நீதான்.

வரவேண்டிய விருந்தினர் வரவில்லை. கம்பத்து உச்சியில் பொட்டலமாய்க் கட்டியிருந்த கொடி ஒரு மணி நேரத்துக்கு மேல் சாரலில் ஊறியது. பொறுத்துப் பார்த்துவிட்டுக் கோமதி டீச்சரே வந்தார். மாடசாமி கயிற்றை எடுத்துக் கையில் கொடுத்தான். இழுத்ததும் பூ உதிரவில்லை, சோற்றுருண்டை மாதிரி தொப்பென்று விழுந்தது. கொடி விரிந்தது. வெள்ளைப்பட்டை முழுக்கச் சிவப்பு. சக்கரத்தின் மேல் வழிந்து பச்சைக்குள் இறங்கிக்கொண்டிருந்தது. பாட்டை ஆரம்பித்த பிள்ளைகள் பாதியில் நிறுத்திவிட்டார்கள்.

வேலாயுத அண்ணாச்சிதான் முதலில் வாயைத் திறந்தார். "சாயம் ஒழுகுது பாத்தியளா டீச்சர்? அவுகட்ட குடுக்காதியன்னு தலபாடா அடிச்சேன். வேணும்னே செஞ்சாலும் செஞ்சிருப்பாவ."

தலைமையாசிரியை அறையில் உன்னைக் கூப்பிட்டு நிறுத்தினார்கள். கூடவே நானும் போனேன். சொல்லிவிடத்தான் போனேன், அதை நீ நம்ப வேண்டும். "டீச்சர், அது வந்து..." என்று ஆரம்பித்தேன். நீ என் கால் பெருவிரலை மிதித்தாய். நகம் கறுத்துப் போகிற அளவுக்கு மிதித்தாய்.

"எங்க வீட்டுச் சாயந்தான் டீச்சர். அவசரத்துல சரியா ஏறல. தப்பு எங்க மேலதான்" என்றாய்.

"துணி நல்ல துணியாத்தான் தெரியுது" என்று ரோஸ்மேரி டீச்சர் மெதுவாகச் சொன்னார். யாரும் காதில் வாங்கவில்லை. இனிமேல் சீருடை தைக்க வரவேண்டாம் என்று கோமதி டீச்சர் உன்னிடம் சொன்னார். என்னிடம் கொடியைக் கொடுத்து, யார் கண்ணிலும் படாமல் மரியாதையாக எரித்துவிடச் சொன்னார்.

வாய்க்கால் பாலத்தில் வைத்து உன்னைப் பிடித்துக்கொண்டேன். "ஏன் மைனி அப்படிச் சொன்ன? உங்க மாமா பேரு என்னத்துக்கு ஆவும்?"

"சாயம் போச்சுன்னா வசவோட முடிஞ்சிரும். குங்குமத்த வச்சேன்னு நீ சொன்னா அந்த அண்ணாச்சி கேஸு கீஸும்பாரு. வேல போச்சுன்னா ரெண்டு பிள்ளையவும் இழுத்துக்கிட்டு எங்கன போவ?"

"நான் எங்கனயாவது போறேன். நான் போயிச் சொல்லுதேன்."

"கூறுகெட்டவளே, உங்க குமரன் மேல சத்தியம் பண்ணு. நான் உசுரோட இருக்கது வரைக்கும் வாயத் தொறக்கப்படாது."

பண்ணினேன். முப்பது வயதுகூட ஆகாதவள், பயந்தவள், பண்ணிவிட்டேன். வேலையும் நிலைத்தது, பிள்ளைகளும் படித்தார்கள்.

பேச்சு அதற்குள் செங்கோட்டை வரைக்கும் போய்விட்டது. அசன் மைதீன் சாயம் போகுதாமே என்றார்களாம். அடுத்த ஐயப்பன் சீசனில் காவி வேட்டிக்கு உங்கள் வாசலில் காத்துக் கிடக்க ஆள் இல்லை. நீ இதை ஒருநாளும் என்னிடம் சொல்லவில்லை. சந்தைக்கு வந்தவர்கள் சொல்லித்தான் தெரியும்.

இன்னொன்று உனக்குத் தெரியாது. அந்த மார்கழியில் அசன் மாமா என் வீட்டுக்கு வந்தார். உள்ளே வரவில்லை, வாசலிலேயே நின்றார். கை இரண்டும் முழங்கை வரைக்கும் நீலம் பாரித்திருந்தது.

"தாயி, அந்தத் துணிய ஒருக்கப் பாக்கணும். நாப்பது வருசத்துல என் சாயம் போனதில்ல. எங்கன பெசகுச்சுன்னு தெரியாம ஒறக்கம் வர மாட்டேங்குது."

கொடி உள்ளே பெட்டிக்குள் இருந்தது. அடுப்பில் போட எனக்குக் கை வரவில்லை, கொண்டுவந்து வைத்திருந்தேன். எடுத்து ஒரு தடவை அவர் கண்ணில் காட்டியிருந்தால் போதும். மோந்து பார்த்தே சொல்லியிருப்பார். நான் அவர் முகத்தைப் பார்த்து, "அன்னைக்கே எரிச்சாச்சு மாமா" என்றேன்.

"சரி தாயி" என்றார். செருப்பை மாட்ட அவருக்கு வெகுநேரம் ஆயிற்று. அதற்குப் பிறகு கொஞ்ச நாளிலேயே அவர் சாயத்தொட்டிப் பக்கம் போவதை விட்டுவிட்டார் என்று கேள்விப்பட்டேன். தென்காசிக் கோபுரத்தை முழுசாக எழுப்பிக் கட்டியபோது அதைப் பார்க்க அவர் இல்லை.

நீ படுக்கையில் கிடந்தபோது கேட்டேனே, நினைவிருக்கிறதா? "மைனி, இப்பவாவது சொல்லட்டா? அந்தச் சத்தியத்த எடுத்துரு."

உனக்குச் சிரிக்கக்கூட மூச்சு இல்லை, ஆனாலும் சிரித்தாய். "சவத்த விடுட்டி. யாருக்கு ஞாவகம் இருக்கு?"

"எனக்கு இருக்கே."

நீ கண்ணை மூடிக்கொண்டாய்.

உன் நாற்பதாம் நாளும் கழிந்துவிட்டது. சத்தியத்துக்கு வைத்த எல்லையும் முடிந்துவிட்டது. அதனால் நேற்று, சுதந்திர தினத்தன்று, கொடியை ஒரு பையில் வைத்துக்கொண்டு பள்ளிக்கூடத்துக்குப் போனேன். இப்போது இருக்கிற தலைமையாசிரியர் சின்ன வயசுக்காரர், மரியாதை தெரிந்தவர். நாற்காலி போட்டு உட்கார வைத்தார். எல்லாவற்றையும் சொன்னேன். குங்குமம் வைத்தவள் நான், சாயம் போகவில்லை, பழியை வேறொருத்தி ஏற்றாள்.

"ஆச்சி, அந்த டீச்சர்மாரெல்லாம் இப்ப இல்லையே. இங்க யாருக்குமே இது தெரியாது. டீ குடிக்கியளா?" என்றார்.

கொடியைப் பிரித்து அவர் மேஜையில் விரித்தேன். மக்கிய குங்கும வாசம் எழுந்தது. வெள்ளையில் இருந்த சிவப்பு, பழைய துரு மாதிரி பழுப்பேறிக் கிடந்தது. காவியும் பச்சையும் மட்டும் அப்படியே இருந்தன. அவர் ஓரத்தைத் தடவிப் பார்த்தார்.

"இது என்ன சாயம் ஆச்சி? நேத்துப் போட்ட மாரி இருக்கே!"

முப்பத்தைந்து வருஷத்துக்கு மேலாக நான் கேட்கக் காத்திருந்த சொல் அது. கேட்க வேண்டியவர் யாரும் அங்கே இல்லை. "தென்காசி அசன் மைதீன் போட்ட சாயம்" என்றேன். பேரை அவர் மறந்துவிடக் கூடாது என்று இன்னொரு தடவையும் சொன்னேன். டீ வந்தது. குடிக்கவில்லை.

எனக்கு மறதி கிடையாது, அது உனக்குத் தெரியும். ஆனாலும் ஒவ்வொருத்தர் மேலும் இருந்த கோபத்தை விட்டுக்கொண்டுதான் வந்திருக்கிறேன். ரோஸ்மேரி டீச்சரை அன்றைக்கே விட்டுவிட்டேன். கோமதி டீச்சர், பணி முடிந்து போகிற அன்று அடுக்களைக்கு வந்து, அந்தத் தையல்காரப் பொண்ணு இப்ப என்ன செய்யுதா என்று கேட்டார், அதோடு விட்டேன். வேலாயுத அண்ணாச்சியைத்தான் வெகுகாலம் விடவில்லை. எதிரே வந்தால் காறித் துப்புவேன். பிறகு ஒருநாள் குற்றாலத்தில், ஒரு பக்கம் கை கால் விழுந்துபோன அவரை இரண்டு மகன்கள் தாங்கி அருவியில் பிடித்திருந்ததைப் பார்த்தேன். என்னைக் கண்டு கோணின வாயால் "செம்பகம்" என்றார். அங்கேயே விட்டுவிட்டேன்.

அசன் மாமாவிடம் பொய் சொன்ன வாய் என்னுடையது. அதற்கு நான் பட்டுக்கொண்டுதான் இருக்கிறேன், இனியும் படுவேன். ஆனால் அந்தப் பொய்யை என் வாய்க்குள் வைத்துப் பூட்டியவள் நீ. வேலை போயிருந்தால் போயிருக்கட்டும், நான் வேறு எங்காவது அடுப்பு மூட்டியிருப்பேன். அந்த மனுஷர் நிம்மதியாகத் தூங்கியிருப்பார். என்னைக் காப்பாற்று என்று உன்னை யார் கேட்டது? சொல்ல விடாமல் என் காலை மிதித்துவிட்டு, கேட்க ஆள் யாருமே மிஞ்சாமல் போகிற வரைக்கும் உயிரைப் பிடித்துக் கிடந்து, கடைசியில் நீயும் போய்விட்டாய்.

கொடியை மறுபடியும் பெட்டியில் வைத்திருக்கிறேன், குங்குமம் உதிராமல் மடித்து. மழைக்காலத்தில் பெருவிரல் இன்னும் வலிக்கிறது. எல்லாரையும் விட்டாயிற்று. உன்னை மட்டும் மன்னிக்க மாட்டேன், பாத்துமுத்து.