பாஸ்டனில் இல்லாத மகளுக்கு

மில்பிடாஸ்
ஜூலை 1997

அம்மிணி,

கோடை முழுக்கப் பாஸ்டனில் வேலை என்றாய். கடைக்கு வந்தவர்களிடமெல்லாம் பெருமையடித்தேன்.

நேற்று, நமக்குக் கிராம்பு அனுப்பும் ஜான்சிபார் ஜெயந்திபாய் போன் செய்தார். முதுகில் பையோடு மொம்பாசாவிலிருந்து படகேறி வந்து, என் பெயரைச் சொல்லி அவர் வீட்டில் தங்கியிருக்கிறாயாம். மாதக் கடைசிவரை அங்கேதானாம்.

அம்மாவைக் கேட்டேன். “சொன்னா உட்டிருப்பீங்களா?” என்றாள். அவளுக்கும் தெரிந்திருக்கிறது. விட்டிருக்க மாட்டேன்தான், அதற்காக என் வீட்டுச் சேதியைச் சரக்கு அனுப்புகிறவர் சொல்லியா நான் கேட்க வேண்டும்?

மகள் வருவதை முன்பே சொல்லவில்லையே என்று அவர் கோபித்துக்கொண்டார். மறந்துவிட்டேன் என்றேன். மறதிக்காரன் என்று நினைக்கட்டும். மகளிடம் ஏமாந்தவன் என்று தெரிய வேண்டாம். கேட்டால் நீயும் அப்படியே சொல்லிவிடு. பொய் உனக்கு வருகிறதே.

அப்பா