மாந்தோப்புக்கு வழி கேட்காத அண்ணனுக்கு

அண்ணா,

இன்று காலை யார்டின் பின்கேட்டுப் பூட்டுக்கு எண்ணெய் விடப் போனேன். குனிந்தபோது மாம்பூ வாசனை. எனக்குப் பின்னால் வரிசையாக நிற்கும் ட்ரெய்லர்களின் டீசல் நாற்றத்தையும் தாண்டிக்கொண்டு வந்தது. உன் தோப்பு இந்தத் தையிலும் பூத்திருக்கிறது. பூக்கட்டும், காய்க்கட்டும், உதிர்ந்து மக்கட்டும். கூடையைத் தலையில் வைத்துக்கொண்டு ஏரிக்கரை மேல் நடக்கத்தான் நீ இல்லை. செத்தவனைப் பற்றி நல்லதாகத்தான் பேச வேண்டுமாம். நல்லது பேச உனக்கு ஊரே இருக்கிறது. நான் உன் தங்கச்சி, நடந்ததைப் பேசுகிறேன்.

அப்பா எனக்கு மஞ்சக்காணியாக விட்ட கழனியை நினைத்துப் பார். மணிமங்கலத்துக்கு வாக்கப்பட்டுப் போகிற பெண்ணுக்கு மஞ்சள் குங்குமச் செலவுக்கு ஆகட்டும் என்று, உன் தோப்பை ஒட்டினாற்போல் பிரித்துக் கொடுத்தார். வல்லம் வடகாலில் கம்பெனிகள் வந்தன. அங்கே செய்கிற காரெல்லாம் கப்பல் ஏற வேண்டும், அதற்கு ஹைவேயைத் தொடுகிற மாதிரி புது ரோடு வேண்டும் என்றார்கள். ரோட்டுக்கு அளந்து முதலில் கல் நட்டது உன் தோப்பின் நடுவில். ஊரில் நாலு பேர் பார்த்திருக்கிறார்கள். நீ அப்போது ஊராட்சியில் பெரிய ஆள். அளக்க வந்தவர்களை அதே மாமரத்தடியில் உட்கார வைத்துக் கறிச்சோறு போட்டாய். அடுத்த வாரம் களை பார்க்க வந்தவள், என் நாற்றுக்கு நடுவே கல் நிற்பதைப் பார்த்தேன். எனக்குச் சொல்லியனுப்ப உனக்கு ஒரு ஆள் கிடைக்கவில்லை.

அழுதுகொண்டு உன் வீட்டுக்கு ஓடி வந்தேன். நீ கூட்டத்தில் பேசுகிற குரலில் பேசினாய். "தோ பாரு, ஹார்பர் வளரணும்னா ரோடு ஓணும். ரோடு ஓணும்னா யார்னா நெலம் குட்த்துதான் ஆவணும்." அந்த யாரோ ஒருத்தர் நான். ஊரான் வீட்டு நெய்யே, என் பெண்டாட்டி கையே. அண்ணி உள்ளேயிருந்து காபி கொண்டுவந்து வைத்தாள். தொடாமல் எழுந்து வந்தேன். அதற்கப்புறம் உன் வீட்டுத் தண்ணீர் என் தொண்டையில் இறங்கவில்லை.

ரோடு உன் தோப்பைத் தொடாமல் வளைந்து, என் கழனியைத் தின்றுவிட்டுப் போனது. ரோட்டுக்கும் உன் வேலிக்கும் நடுவே நீளமாக ஒரு துண்டு மட்டும் எனக்கு மிஞ்சியது. நெல் விளையாது, வீடு கட்டவும் காணாது. ஒரு நாள் அதன் ஓரத்தில் ட்ரெய்லரை நிறுத்திவிட்டு, தூத்துக்குடிப் பக்கத்து டிரைவர் ஒருத்தர் குடிக்கத் தண்ணீர் கேட்டார். பகலில் பட்டணத்துக்குள் கண்டெய்னர் வண்டியை விட மாட்டார்களாம், இருட்டுகிற வரை நிற்க இடமில்லாமல் அலைகிறார்களாம். நானும் என் வீட்டுக்காரரும் அந்தத் துண்டில் கிராவல் கொட்டினோம். ஒரு டீக்கடை, ரெண்டு குளியலறை, சுற்றிலும் கம்பிவேலி. அதுதான் இந்த யார்டு.

ஹார்பரில் வேலை ஓடினால் யார்டு சாயங்காலமே காலியாகிவிடும். அங்கே க்யூ நின்றால் இங்கே சாம்பார் பத்தாது. கடலையே சரியாகப் பார்க்காதவள் நான், இன்றைக்குக் கப்பல் வந்ததா இல்லையா என்று வண்டிகளைப் பார்த்தே சொல்லிவிடுவேன். அந்தத் தூத்துக்குடிக்காரர் சிரிப்பார். "யக்கா, ஹார்பருக்கு மொத கேட்டு ஒங்க கேட்டுதான்." அவர் விளையாட்டாகச் சொன்னதில் பொய் ஒன்றுமில்லை. நீ அன்று கூட்டத்துக் குரலில் சொன்னதும் பொய்யில்லை. ரோடு வந்தது, ஹார்பர் வளர்ந்தது, ஓரகடத்தில் வாடகைக்கு அறை கிடைக்காத அளவுக்குத் தெற்கத்திப் பிள்ளைகள் வந்து குவிந்தார்கள். உன் வாயிலிருந்து வந்த உண்மை என்பதால்தான் எனக்கு அது கசக்கிறது.

ஆனால் ஒன்றை யோசிக்காமல் விட்டாய். ரோடு தொடாத நிலம் இந்தப் பக்கத்தில் செத்த நிலம். உன் தோப்புக்கு இடதும் வலதும் கம்பெனி மதில், பின்னால் ஏரி, முன்னால் நான். ஆள் நடக்க ஏரிக்கரை இருந்தது. வண்டி போக என் துண்டைத் தவிர வழியே கிடையாது. தெய்வம் நின்று கொல்லும் என்பார்கள். தெய்வம் எதற்கு? உன் தோப்புப் பக்கம் திறக்கிற பின்கேட்டுக்கு ஒரு பூட்டு போதும்.

தோப்பில் குடோன் கட்ட ஆள் கூட்டிவந்தாயே, அந்த நாள் எனக்கு இன்னும் இனிக்கிறது. வெள்ளைக் காரிலிருந்து இறங்கி, என்னைப் பார்க்காமல் வாட்ச்மேனைப் பார்த்து, "கேட்டைத் தொற" என்றாய். நான் சாவியோடு நடுவில் வந்து நின்றேன். "எங்கழனிய எட்த்தப்போ என்னை ஒரு வார்த்தை கேக்கல நீ. இத்தையாவது கேளு. வழி வுடுன்னு கேளு, இப்பவே தொறந்து வுட்றேன்." சத்தியமாகத் திறந்திருப்பேன், அண்ணா. எனக்கு வேண்டியிருந்தது அவ்வளவுதான். நீ மறுபடியும் வாட்ச்மேன் பக்கம் திரும்பிக் கேட்டைக் காட்டினாய். வந்தவர், ட்ரெய்லர் உள்ளே திரும்ப முடியாத இடம் நமக்கு எதற்கு என்று காரில் ஏறிவிட்டார். அன்று சாயங்காலம் ஊர் டீக்கடையில் நீ சொன்னது எனக்கு வந்து சேர்ந்தது. "இவகிட்ட வழி கேக்கறதுக்கு சாவலாம்."

சொன்னபடியே செய்தாய். ரோஷக்காரன்தான், ஒப்புக்கொள்கிறேன்.

ஐப்பசி மழையில் ஏரிக்கரை அறுத்துக்கொண்ட வாரம் உன் நெஞ்சு நின்றது. அப்பா பக்கத்தில்தான் வைக்க வேண்டும் என்று சொல்லியிருந்தாயாம். அப்பா சமாதி உன் தோப்புக்குள். இத்தனை வருஷமும் அவருக்கு நான் படையல் போட்டது வேலிக்கு இந்தப் பக்கம் நின்றுதான். கரை இல்லாததால் உன் பாடை என் முன்கேட்டுக்கு வந்தது. பிணத்துக்கு வழி மறிக்கிற பாவம் எனக்கு வேண்டாம் என்று, நானே போய்ப் பின்கேட்டைத் திறந்து வைத்தேன். ஆனால் முன்கேட்டிலிருந்து அது வரைக்கும் வண்டி. மழைக்கு ஹார்பரில் வேலை நின்றுபோய், ஒன்றின் பின்னால் ஒன்று ஒட்டி நின்றது. தூத்துக்குடிக்காரர் தலையில் துண்டோடு ஓடிவந்தார். ரெண்டு வண்டியை ரோட்டில் ஏற்றிவிட்டால் பாடை போய்விடும், சொல்லுங்க யக்கா என்றார்.

சொல்லவில்லை. "ஹார்பர்ல கூப்பிட்டா வண்டி போவும். அதும்பின்னால அவுரு வரட்டும்" என்றேன். என் வாயா பேசியது என்று ஊர் பார்த்தது. நீ கொண்டுவந்த ரோட்டோரம், நீ வளர்த்த ஹார்பருக்குப் போகிற கண்டெய்னர்களுக்குப் பின்னால், மழையில் நனைந்துகொண்டு நின்றாய். மேளக்காரர்கள் டீக்கடைக்குள் ஒதுங்கினார்கள். அண்ணி மண்ணை வாரித் தூற்றினாள். எனக்கு வயிறு குளிர்ந்தது. அதை மறைக்க மாட்டேன்.

சாயங்காலம் க்யூ நகர்ந்து, நீயும் நகர்ந்தாய். குழிக்குப் பக்கத்தில் வாய்க்கரிசி போடக் கூப்பிட்டார்கள். போட்டேன். ஒரு வார்த்தைக்காக இத்தனை வருஷம் நான் பார்த்துக்கொண்டிருந்த வாய், அரிசி உள்ளே போகாமல் இறுக மூடியிருந்தது. குளிர்ந்த வயிறு அந்த இடத்தில்தான் பற்றிக்கொண்டது. வழியையும் வாங்கிக்கொண்டாய், கேட்கவும் இல்லை.

நேற்று உன் மகன் வந்தான். ஷிஃப்ட் முடிந்து கம்பெனி யூனிஃபார்மோடு நேராக வந்து, என்னிடம் டீ வாங்கிக் குடித்துக்கொண்டே கேட்டான். "அத்தே, தோப்புக்கு வழி வுடேன். குடோன்காரங்க திரும்பக் கேக்கறாங்க." அவ்வளவு சுலபமாக வந்தது அவன் வாயில். நாக்கு ஒட்டவில்லை, முகம் சுருங்கவில்லை. தாத்தாவுக்கும் அப்பனுக்கும் விளக்கேற்ற எப்போது வேண்டுமானாலும் வா, நானே திறந்துவிடுகிறேன் என்றேன். வண்டிக்கு மட்டும் கிடையாது. "அப்பாதான் இல்லையே அத்தே, இன்னும் இன்னா?" என்றான். "நீ கேட்டது செல்லாதுடா" என்று சொல்லிவிட்டேன். அவனுக்குப் புரியவில்லை, கிளாஸை வைத்துவிட்டுப் போனான்.

சாவி என் இடுப்பில்தான் இருக்கிறது. இருட்டி வண்டிகளெல்லாம் ஹார்பருக்குக் கிளம்பின பிறகு, பூட்டை ஒரு தரம் இழுத்துப் பார்த்துவிட்டு அங்கேயே கொஞ்ச நேரம் நிற்கிறேன். தோப்புக்குள் காய்ந்த இலை சரசரக்கும். நாயாக இருக்கும். இருந்தாலும் காதை வைத்துக்கொண்டு நிற்கிறேன்.

கேள் அண்ணா. இப்பவே திறந்துவிடுகிறேன்.