சுருக்கம் விழாத முகம்

மார்ச் 4

சித்தியின் பார்லர் கண்ணாடிக் கதவில் இன்று புதுப் படம் ஒட்டினோம். ஒரே படத்தில் இரண்டு முகம். இடப்பக்கம் மூன்று வருடத்துக்கு முந்திய சித்தி: நெற்றியில் கோடு, வாயோரம் மடிப்பு. வலப்பக்கம் இப்போதைய சித்தி. ஒரு கோடு இல்லை. கீழே சித்தியே கலக்கி விற்கும் க்ரீம் டப்பா.

புருவம் எடுக்க வந்த பேங்க் அக்கா வாசலிலேயே நின்றுவிட்டார். "ஊருக்கெல்லாம் வயசு ஏறுது, உனக்கு மட்டும் இறங்குதா?" இரண்டு டப்பா வாங்கிப் போனார்.

"பாத்தியாடி வாயில்லாப்பூச்சி? மூஞ்சிதான் நம்ம முதல்" என்றாள் சித்தி. தலையாட்டினேன். வகுப்பில் எழுந்து நின்று வாசிக்கச் சொன்னால் திக்கும் என்றுதான் ஒன்பதாவதோடு படிப்பை விட்டேன். இங்கே தலையாட்டினால் போதும்.

ஆனால் ஒன்று. சித்தி அந்த க்ரீமைப் போட்டு நான் பார்த்ததே இல்லை. வாசனை ஒத்துக்கொள்ளாதாம்.

மார்ச் 9

துண்டு அலசும்போது சித்தியின் விரல்கள் வெளுத்துவிட்டன. நுனியிலிருந்து பாதி வரை, கோடு கிழித்தது போல, சுண்ணாம்பு வெள்ளை. அப்புறம் நீலம். அப்புறம் சிவப்பு.

"தண்ணி சில்லுன்னு இருக்கு, வேறென்ன" என்றாள்.

நானும் அதே தண்ணீரில்தான் கை வைத்திருந்தேன்.

மார்ச் 20

மதியம் ஆள் வரவில்லை. "எனக்கும் நகம் செஞ்சு விடேன். முதலாளிக்கு இலவசம்" என்று சித்தி கையை நீட்டினாள். விரல்கள் உப்பியிருந்தன. மோதிரத்தை எப்போது கழற்றினாள் என்று தெரியவில்லை.

லென்ஸ் விளக்கை இழுத்து வைத்துப் பார்த்தேன். நகத்தின் அடியோரத் தோலில் சிவப்புப் புள்ளிகள். நடுவே நெளிந்த நூல் மாதிரி ரத்தக் கோடுகள். இந்த விளக்கின் கீழே எத்தனையோ கைகளைப் பார்த்திருக்கிறேன், இப்படி ஒன்றைப் பார்த்ததில்லை. புறங்கையைப் பிடித்துவிடும்போது தோலைக் கிள்ளித் தூக்கினேன். வரவில்லை. உள்ளே எதோடோ ஒட்டிக்கொண்டது போல இருந்தது.

"என்னடி பேயறைஞ்ச மாதிரி முழிக்கிற?"

"ஒன்னுமில்ல சித்தி."

ஒன்றுமில்லையா?

ஏப்ரல் 2

சாப்பாடு நெஞ்சில் நிற்கிறதாம். ஒவ்வொரு வாய்க்கும் தண்ணீர் குடித்துத் தள்ளுகிறாள்.

ஏப்ரல் 11

புருவம் எடுக்கும்போது சித்தியின் விரல் விரியவில்லை. பல்லில் கடித்திருந்த நூல் வழுக்கி, பேங்க் அக்காவின் இமையோரம் கீறிவிட்டது. சித்தி சிரித்துச் சமாளித்தாள். அந்தச் சிரிப்பும் பாதியிலேயே நின்றது. வாய் சின்னதாகிவிட்டதா? வாய் சின்னதாகுமா?

அவர் போன பிறகு, "டாக்டர்கிட்ட போலாம் சித்தி" என்றேன். எனக்கே கேட்காத குரல்.

"போயி? நாளுக்கு நாள் அழகாயிட்டே வரேன், மருந்து குடுங்கன்னு கேக்கவா?"

நானும் சிரித்துவிட்டேன். ஏன் சிரித்தேன்?

ஏப்ரல் 19

பார்லருக்கு ஏறும் மாடிப்படியில் சித்தி பாதியில் உட்கார்ந்துவிட்டாள். மூச்சு வாங்கியது. வறட்டு இருமல்.

"சரி, போலாம்" என்றாள். நான் எதுவும் கேட்காமலே.

அதுதான் பயமாக இருக்கிறது.

ஏப்ரல் 24

போன வாரம் பார்த்த டாக்டர் எழுதிக் கொடுத்த சீட்டோடு இன்று பெரிய ஆஸ்பத்திரி. பெண் டாக்டர். "பழைய போட்டோ ஏதாவது இருக்கா?" என்றார். கதவில் ஒட்டிய படம் என் போனில் இருந்தது. காட்டினேன். இரண்டு முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார். அந்தப் படத்தைப் பார்த்துச் சிரிக்காத முதல் ஆள் அவர்தான்.

லென்ஸ் வைத்து நகத்தின் ஓரத்தைப் பார்த்தார். நான் பார்த்த அதே இடம். விரல் வெளுக்குமா, சாப்பாடு இறங்குகிறதா என்று கேட்டார். பிறகு கிள்ளிக்கொண்டே மேலே போனார்: விரல், புறங்கை, முன்கை. எங்கும் மடியவில்லை. முழங்கைக்கு மேலே மடிந்தது.

"ரெண்டு கையிலயும் விரல் முட்டியைத் தாண்டி இறுகியிருக்கு. பேர் சொல்ல இதுவே போதும்" என்றார். சிஸ்டமிக் ஸ்க்ளீரோசிஸ். தோல் இறுகுகிற நோய். தோலோடு நிற்காதாம்.

"இதுல வகை இருக்கும்மா. கையில முழங்கைக்குக் கீழயே நின்னா ஒரு வகை, மெதுவா போகும். மேல ஏறினா இன்னொரு வகை. அது நுரையீரல், கிட்னின்னு சீக்கிரம் உள்ள போயிடும். இப்ப கீழதான் இருக்கு. ஆனா அப்படியே இருக்கும்னு இப்பவே சொல்ல முடியாது."

ரத்தம் எடுத்தார்கள். நெஞ்சு ஸ்கேனுக்குத் தேதி கொடுத்தார்கள். தினமும் பிரஷர் பார்க்க வேண்டுமாம். கிளம்பும்போது டாக்டர் என்னிடம், "மேல்கையில தோல் மடியலேன்னா தேதிக்குக் காத்திருக்காதீங்க, உடனே வாங்க" என்றார்.

பஸ்ஸில் சித்தி முழங்கையைத் தொட்டுக் காட்டி, "கீழ்வீட்டோட இருந்துட்டுப் போகட்டும். மாடியை மட்டும் அவனுக்கு வாடகைக்கு விடமாட்டேன்" என்றாள். முன்சீட்டு ஆள் திரும்பிப் பார்த்தார். வீட்டுத் தரகர் என்று நினைத்திருப்பார்.

மே 3

படத்தை எடுத்துவிடலாமா என்று கேட்டேன். "வர்றவங்க வாயை நாமளே ஏன் கிளறணும்?" என்றாள்.

மே 12

பேங்க் அக்கா வந்தார். "என் தங்கச்சிக்கு ரெண்டு டப்பா. உங்க சித்தி மாதிரி ஆகணுமாம்."

சித்தி திரைக்குப் பின்னால் இருமிக்கொண்டிருந்தாள்.

"வேணாங்கா. அது க்ரீமால வந்தது இல்ல. சித்திக்கு உடம்பு சரியில்ல."

அவரிடம் நான் இவ்வளவு பேசியதே இல்லை. அவர் திரையைப் பார்த்தார், கதவைப் பார்த்தார், பையை எடுத்துக்கொண்டு போய்விட்டார். சித்தி வெளியே வந்தாள். திட்டுவாள் என்று நினைத்தேன். பிளேடை எடுத்து என் கையில் கொடுத்தாள்.

படத்தைச் சுரண்டினேன். இடப்பக்க முகம் உரிந்து வந்தது. வலப்பக்க முகம் கண்ணாடியோடு ஒட்டிக்கொண்டது. எவ்வளவு சுரண்டியும் வரவில்லை.

மே 18

காலையில் கடை திறப்பதற்கு முன் சித்திக்கு எண்ணெய் தேய்த்துவிட்டேன். விரல், புறங்கை, முன்கை. முழங்கையைத் தாண்டிக் கிள்ளினேன். கொஞ்சம் தள்ளி இன்னொரு தரம். அப்புறம் மறு கை.

எண்ணெய் வழுக்குகிறதோ என்று துடைத்துவிட்டும் பார்த்தேன்.

சித்தி எதிரே இருந்த கண்ணாடியில் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் முகத்தைப் பார்த்து இப்போதெல்லாம் எதுவும் கண்டுபிடிக்க முடிவதில்லை.

"என்னடி, மாடிக்கு வந்துட்டானா?"

"ஆமா சித்தி."

போன் நான்தான் போட்டேன். பேர், வயது, நேற்றைய பிரஷர், எந்த இடத்தில் மடியவில்லை, எல்லாவற்றையும் திக்காமல் சொன்னேன். "இப்பவே கூட்டிட்டு வாங்க" என்றார்கள். ஷட்டரை இறக்கினேன்.

இதை ஆஸ்பத்திரி பெஞ்சில் உட்கார்ந்து எழுதுகிறேன். சித்தியை உள்ளே கூட்டிப் போயிருக்கிறார்கள். பஸ்ஸில் வழியெல்லாம் நான்தான் பேசிக்கொண்டு வந்தேன். சித்தி தலையாட்டிக்கொண்டே வந்தாள்.