அம்மாவுக்குப் படா தின் வந்த விதம்

பாம்பூஃப்ளாட், அந்தமான்
9-11-1975

கர்த்தருக்குள் பிரியமான மகன் ஜெயமணிக்கு அப்பா எழுதுவது. தேவகிருபையால் பேனாவைக் கையில் எடுத்த இந்த நிமிஷம் வரை நானும் அம்மாவும் சுகம், நீயும் ஆவடியில் சரீர சுகத்தோடும் நல்ல பேரோடும் இருக்க வேண்டும் என்பதுதான் இரண்டு வேளை ஜெபத்திலும் எங்கள் விண்ணப்பம். உன் கடிதம் போன கப்பல் தபாலில் வந்து சேர்ந்தது. இங்கே மழை போகிறேன் போகிறேன் என்று சொல்லிவிட்டுத் திரும்பத் திரும்ப வருகிறது, அடுப்படித் தகரம் ஒரு மூலையில் ஒழுகுகிறது, மில்லில் லீவு கிடைத்ததும் மாற்ற வேண்டும். என் முழங்கால் வலி அப்படியேதான், காலையில் சாத்தம் மரமில்லுக்குப் போக ஃபெரியில் ஏறும்போது யாராவது கை கொடுக்க வேண்டியிருக்கிறது, மற்றபடி மரம் அறுக்கிற இடத்தில் நின்று வேலை பார்க்க முடிகிறது. அம்மாவுக்கு இருமல் குறைந்திருக்கிறது. நீ அனுப்பிய கம்பளிச் சட்டையை இந்த ஊர்ப் புழுக்கத்தில் யார் போடுவது என்று சொல்லிக்கொண்டே இரண்டு நாள் அதைப் போட்டுக்கொண்டு எல்லார் வீட்டுக்கும் போய் வந்தாள். கட்சால் தீவில் ரப்பர் தோட்டத்துக்கு வேலைக்குப் போன உன் சித்தப்பா சுகமாக இருப்பதாகச் சொல்லி அனுப்பியிருக்கிறார். வெள்ளாடு இரண்டு குட்டி போட்டது, ஒன்று தங்கியிருக்கிறது.

இனி நீ எழுதிய விஷயத்துக்கு வருகிறேன். உன் கடிதத்தை வழக்கம்போல் அம்மாவுக்கு நான்தான் வாசித்துக் காட்டினேன். டிசம்பர் கப்பலில் வருகிறாய் என்று வாசித்தபோது அவள் முகத்தை நீ பார்த்திருக்க வேண்டும், கையில் இருந்த முறத்தைக் கீழே வைத்துவிட்டாள். அதற்கு அடுத்தாற்போல் இருந்ததையும் வாசித்தேன். கிறிஸ்மஸ் பண்டிகைக்கு வேதத்தில் ஆதாரமே இல்லை, அது புறமதத்தாரிடமிருந்து ஒட்டிக்கொண்டது, வீட்டில் நட்சத்திரம் கட்டிப் பலகாரம் சுட்டு அந்த நாளை ஆசரித்தால் நீ நம் வீட்டுப் படி ஏற முடியாது, பண்டிகை கழிகிற வரை போர்ட் பிளேர் அபர்டீனில் நீ புதிதாகச் சேர்ந்த சபையின் சகோதரர் ஒருவர் வீட்டில் தங்கிக்கொள்வாய், எங்களோடு கை நனைக்க மாட்டாய் என்று எழுதியிருந்தாய். அம்மா இன்னொரு தடவை வாசிக்கச் சொன்னாள். வாசித்தேன். முறத்தை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். எனக்குக் கோபம் வந்தது, மறைக்கவில்லை. நேற்று வரை ஓய்வுநாள் பள்ளியில் மேய்ப்பன் வேஷம் கட்டித் தலையில் என் துண்டைச் சுற்றிக்கொண்டு நின்றவன் எனக்கு வேதம் சொல்லிக் கொடுக்கிறானா என்று முறுக்கிக்கொண்டு திரிந்தேன். கோபம் ஆறின பிறகு யோசித்தேன். சினிமா, சிகரெட் என்று அலையாமல் பிள்ளை வேதத்தைத் திறந்து ஒரு கேள்வி கேட்கிறான், அதற்கு முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வது பதில் ஆகாது, தேடித்தான் பார்ப்போமே என்று ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தேன்.

தேடிப் பார்த்ததை உள்ளபடி சொல்கிறேன், நீ எழுதியது சரி. நாலு சுவிசேஷத்தில் இரண்டில்தான் பிறப்பின் கதை விரிவாக இருக்கிறது. அவற்றிலும் மாதம் இல்லை, தேதி இல்லை. வருஷா வருஷம் இந்த நாளைக் கொண்டாடுங்கள் என்று ஆண்டவரும் சொல்லவில்லை, அப்போஸ்தலரும் சொல்லவில்லை. தம்முடைய மரணத்தை நினைக்கச் சொன்னாரே தவிரப் பிறப்பைப் பற்றி அவர் ஒன்றும் கேட்டுக்கொள்ளவில்லை. கிழக்கிலிருந்து வந்த சாஸ்திரிகள் மூன்று பேர் என்றுகூட எழுதியிருக்கவில்லை, காணிக்கை மூன்று என்று பார்த்து ஆளையும் மூன்றாக்கிவிட்டோம், வருஷம் தவறாமல் மூன்று பையன்களுக்குத் தாடி ஒட்டினவன் நான், எனக்கே வெட்கமாகப் போய்விட்டது. பனிக்காலத்தில் மேய்ப்பர் வயல்வெளியில் ராத்தங்க மாட்டார்கள் என்று உன் சபையார் சொல்வதை மட்டும் ஒப்ப மாட்டேன், நம் திருநெல்வேலிப் பக்கத்துக் கீதாரிகள் மார்கழிப் பனியிலும் கிடை போட்டுக் காவல் கிடப்பதைப் பார்த்தவன் நான். பெத்லெகேம் பனி எப்படி என்று எனக்கும் தெரியாது, உன் சபையாருக்கும் தெரியாது. போர்ட் பிளேரிலிருந்து மாதம் ஒரு முறை வரும் பாதிரியாரிடமும் கேட்டேன். அவர் மழுப்பவில்லை, “தேதிக்கு ஆதாரம் இல்ல பாக்கியநாதன், பொறந்தாருங்கிறதுக்குத்தான் ஆதாரம்” என்றார். நாட்களையும் மாதங்களையும் பிடித்துக்கொண்டு தொங்குகிறீர்களே என்று பவுல் கலாத்தியரைக் கடிந்துகொண்டதை நீ எடுத்துக் காட்டியிருக்கிறாய். அதே பவுல் ரோமருக்கு எழுதும்போது, ஒருவன் ஒரு நாளைப் பெரிதாக நினைக்கிறான், இன்னொருவனுக்கு எல்லா நாளும் ஒன்று, இரண்டு பேரும் கர்த்தருக்கென்றே அப்படிச் செய்கிறார்கள், அவனை நீ யார் குற்றம் தீர்க்க என்கிற கருத்தில் எழுதியிருக்கிறார். அந்தப் பக்கத்தையும் உன் சபையில் வாசிக்கிறார்களா என்று கேட்டுப் பார்.

ஆனால் வாதம் பண்ண நான் எழுத உட்காரவில்லை. அம்மாவுக்கு இந்த நாள் எங்கிருந்து வந்தது என்று உனக்குத் தெரியாது, அதைச் சொல்லத்தான் எழுதுகிறேன். உனக்கு முன்னால் செல்லம் என்று ஒரு அக்காள் இருந்தாள், நாங்கள் இந்தத் தீவுக்கு வந்த வருஷமே காய்ச்சலில் போய்விட்டாள் என்பது வரை உனக்குத் தெரியும், அதற்கு மேல் வீட்டில் நாங்கள் பேசியதில்லை. அப்போது நமக்கு இந்த வீடு இல்லை, மூங்கில் தட்டி வைத்த ஒரு குடிசை. செல்லம் நன்றாகப் பேசத் தொடங்கியிருந்த வயது. நவம்பர் மாதம் போனாள். அதற்குப் பிறகு அம்மா அடுப்புப் பற்றவைக்கவில்லை. படகுத்துறை ஜெட்டிக் கடையிலிருந்து நான் வாங்கி வருவதில் இரண்டு வாய் போட்டுக்கொண்டு சுவரைப் பார்த்துப் படுத்துவிடுவாள், சில நாள் அதுவும் கிடையாது. எலும்பும் தோலுமாகிவிட்டாள். ஊரிலிருந்து யார் வந்து தேற்ற முடியும், நடுவில் கடல் கிடக்கிறது. இவளையும் இங்கேயே புதைத்துவிட்டு நான் தனியாகக் கப்பலேறப் போகிறேன் என்றே பயந்தேன். கிறிஸ்மஸ் வந்தது. “நம்ம வீட்டுல இந்த வருஷம் கிறிஸ்மஸ் கெடையாது” என்று சொல்லிக் கதவைச் சாத்திவிட்டாள். விடியற்கால ஆராதனைக்கு நான் மட்டும் போயிருந்தேன். அந்த நேரத்தில்தான் சுசானா வந்திருக்கிறாள், நீ மௌசி என்று கூப்பிடுகிற நம் பின்வீட்டு ராஞ்சிக்காரி. அன்று வரை இருவருக்கும் பேச்சுப் பழக்கம் இல்லை, இவளுக்கு இந்தி தெரியாது, அவளுக்குத் தமிழ் தெரியாது. கதவைத் தட்டித் திறக்கவைத்துத் தட்டை நீட்டி, “படா தின், படா தின்” என்றாளாம். இந்தி பேசுகிற கிறிஸ்தவர்கள் கிறிஸ்மஸைப் பெரிய நாள் என்று அப்படித்தான் சொல்வார்கள் என்பது இந்தி பேசியே வளர்ந்த உனக்குத் தெரியும், புதிதாக வந்த அம்மாவுக்கு என்ன தெரியும்? இந்தப் பெண் எங்கேயோ இரண்டு தமிழ் வார்த்தை கற்றுக்கொண்டு வந்து, துக்கப்படாதே, தின் என்று தன்னிடம் சொல்லப் பார்க்கிறாள், முன்பாதி வாய்க்குள்ளேயே போய்ப் படாதே, தின் என்கிற அளவுதான் வெளியே வருகிறது என்று நினைத்துவிட்டாள். தட்டில் இருந்தது அர்சா, அரிசி மாவும் வெல்லமும் சேர்த்துச் சுட்டது, பார்வைக்கும் ருசிக்கும் நம் அதிரசமேதான். நான் திரும்பி வந்தபோது இரண்டு பேரும் வாசலில் உட்கார்ந்திருந்தார்கள். அம்மா அழுதுகொண்டே தின்றுகொண்டிருந்தாள், சுசானா அவள் முதுகைத் தடவிக்கொண்டு திரும்பத் திரும்ப அதையே சொல்லிக்கொண்டிருந்தாள். அன்று மத்தியானம் நம் வீட்டில் அடுப்பு எரிந்தது.

கொஞ்ச நாளில் அம்மாவுக்கு இந்தி காதில் விழுந்து விழுந்து, படா தின் என்றால் என்ன அர்த்தம் என்பது தெரிந்துவிட்டது. நான் கேலி செய்தேன். “நான் கேட்டது தப்பாவே இருக்கட்டும், அன்னைக்குச் சாப்ட்டேம்லா” என்று என் வாயை அடைத்துவிட்டாள். அதிலிருந்து அவளாக ஒரு வழக்கம் வைத்துக்கொண்டாள். அந்த வருஷத்தில் சாவு விழுந்த வீடு எது என்று பார்த்து, கிறிஸ்மஸ் அன்று காலை அதிரசத் தட்டை எடுத்துக்கொண்டு போய் வாசலில் நின்று படா தின் என்பாள். அது வங்காளி வீடா, மலையாளி வீடா, கும்பிடுகிற சாமி எது என்றெல்லாம் பார்த்ததில்லை. சின்ன வயதில் நீயும் அவள் முந்தானையைப் பிடித்துக்கொண்டு கூடப் போயிருக்கிறாய், பண்டிகைப் பலகாரம் கொடுக்கப் போவதாக நினைத்திருப்பாய். நம் மளிகைக்கடை உதுமான் பாயின் தம்பி தோணி கவிழ்ந்து இறந்த வருஷம் அவர் வீட்டுக்கும் போனாள். முந்தாநாள் பாய் கடையில் என்னை நிறுத்தி, “என்னண்ணே, இந்த வருஷம் வெல்லம் எடுக்க வரக் காணோம், அண்ணிக்கு மேலுக்குச் சொகமில்லையா? அவங்க தட்டு வந்த அன்னிக்குத்தான் எங்க உம்மா வாயில ஒரு பருக்கை எறங்குச்சு” என்றார். மழை, அது இது என்று ஏதோ சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

அவள் வெல்லம் வாங்காததற்குக் காரணம் உன் கடிதம். அது வந்த மறுநாள் நான் மில்லிலிருந்து திரும்பும்போது, பரணில் இருந்த நட்சத்திரத்தைப் பிரித்து அதன் மூங்கில் சிம்புகளை அவரைக்கொடிக்கு ஊன்றிக்கொண்டிருந்தாள். நீ பள்ளிக்கூடத்தில் படிக்கும்போது உட்கார்ந்து கட்டிக் கொடுத்த நட்சத்திரம் அது. என்ன காரியம் பண்ணுகிறாய் என்று சத்தம் போட்டேன். “பிள்ளை வந்து நம்ம வீட்டுல சாப்பிடணும், அவ்வளவுதான். நாளு கெடக்கு நாளு” என்றாள். சுசானாவிடமும் போய், இந்த வருஷம் எங்கள் வீட்டில் படா தின் இல்லை, தட்டு கொண்டு வராதே என்று சொல்லியிருக்கிறாள். சுசானா என்னை ஜெட்டியில் பிடித்துக்கொண்டு, “பாபு, தீதீ முஜ்ஸே குஸ்ஸா ஹை க்யா?” என்று கண் கலங்கிக் கேட்டாள். அவளுக்கு உன்மேல் கோபம் இல்லையம்மா, மகனுக்காக என்றேன். மகனுக்கும் இதற்கும் என்ன என்று கேட்டாள். எந்தப் பாஷையில் அதை விளக்குவது என்று எனக்குத் தெரியவில்லை.

ஆகவே மகனே, நீ ஜெயித்துவிட்டாய். இந்த வருஷம் நம் வீட்டில் வேதத்தில் இல்லாதது எதுவும் நடக்காது. ஆனால் எதை ஜெயித்தாய் என்று தெரிந்துகொண்டு வா. ஆண்டவர் அந்தத் தேதியில் பிறந்தாரோ இல்லையோ, செல்லத்தைப் பறிகொடுத்தவள் மறுபடியும் உயிரோடு இருக்க ஒப்புக்கொண்டது அன்றுதான், நீ பிறந்ததே அதனால்தான் என்று நான் நினைக்கிறேன். உன் மனச்சாட்சியை விட்டுவிட்டு வா என்று சொல்ல மாட்டேன். நீ நட்சத்திரத்தை ஏறிட்டுப் பார்க்க வேண்டாம், அதிரசத்தைத் தொட வேண்டாம், அன்று காலை ஃபெரியில் அபர்டீனுக்குப் போய்விட்டுக் கடைசி ஃபெரியில் திரும்பி வா, ஏன் என்று ஒரு வார்த்தை கேட்க மாட்டேன், உனக்கென்று சோறும் மீன்குழம்பும் தனியாக மூடி வைத்திருக்கும். அதுவும் உன்னால் முடியாது என்றால் ஜனவரிக் கப்பலில் வா, டிக்கெட் கிடைக்கவில்லையாம் என்று அம்மாவிடம் நான் சொல்லிக்கொள்கிறேன், அந்தப் பாவம் என் தலையில் இருக்கட்டும். ஆனால் நீயா அந்த நாளா என்று மட்டும் அவளைக் கேட்காதே. உனக்கு அது காலண்டரில் ஒரு தேதி. அவள் காதில் அது, மகனா மகளா என்று கேட்டதாகத்தான் விழுந்திருக்கிறது. கேட்டால் உன்னைத்தான் சொல்வாள், சொல்லியும்விட்டாள். அதைப் பார்த்துக்கொண்டு இருக்கத்தான் என்னால் முடியவில்லை.

வேளாவேளைக்குச் சாப்பிடு, மெஸ் சாப்பாடு ஒத்துக்கொள்ளாவிட்டால் மோராவது வாங்கிக் குடி. எந்தக் கப்பலில் வந்தாலும் எலுமிச்சம்பழம் வாங்கி வைத்துக்கொள், போன தடவை வாந்தியெடுத்துத் துவண்டு வந்து இறங்கியது மறக்க வேண்டாம். உன் வேலையிலும் உன் வழியிலும் கர்த்தர் கூடவே இருந்து உன்னைப் பத்திரமாகக் கொண்டுவந்து சேர்ப்பாராக. எங்கள் இருவருடைய ஆசீர்வாதமும் உனக்கு எப்போதும் உண்டு, நீ எந்தச் சபைக்குப் போனாலும் உண்டு.

இந்தக் கடிதத்தில் நான் என்ன எழுதினேன் என்று அம்மாவுக்குத் தெரியாது. தன் பங்குக்கு ஒன்று கேட்டு எழுதச் சொன்னாள். வருஷா வருஷம் கிறிஸ்மஸ் அன்று ஆராதனை முடிந்ததும் செல்லத்தின் கல்லறைக்குப் போய்ப் புல்லைச் செதுக்கி, ஒரு மெழுகுவர்த்தி ஏற்றிவிட்டு வருவாள். இந்த வருஷம் மெழுகுவர்த்தி வேண்டாம், வெறுமனே புல்லை மட்டும் செதுக்கிவிட்டு வந்தால் அதுவும் பண்டிகை கொண்டாடினதாக ஆகுமா என்று உன்னைக் கேட்கச் சொல்கிறாள். இதற்கு வேதத்தில் என்ன இருக்கிறது என்று நான் தேடவில்லை. பதிலை அன்னம்மாள் என்று அவள் பேருக்கே எழுது, நான் வாசித்துக் காட்டுகிறேன்.

உன் வரவைப் பார்த்திருக்கும் அப்பா,
ஞா. பாக்கியநாதன்