சாரம் கட்டிய கோயில்கள்

மார்ச் 4

என்னங்க,

நலமாக வந்து சேர்ந்தேன். போனில் பேசினால் "சரி சரி, மேல இருக்கேன்" என்று வைத்துவிடுகிறீர்கள். அதனால்தான் கடிதம். இதைச் சாரத்திலிருந்து கீழே இறங்கி நின்று படியுங்கள்.

முதல் கோயிலைப் பார்த்தோம். பார்த்தோம் என்று சொல்வதா என்று தெரியவில்லை. அடிமுதல் நுனிவரை சாரம். குழாய், பலகை, பச்சை வலை. அவ்வளவு பழைய கோயிலில் ஒரு கல்கூடக் கண்ணில் படவில்லை. வழிகாட்டி ஒரு வண்ணப்படத்தைத் தூக்கிப் பிடித்து, "உள்ள இப்படித்தான் இருக்கும்" என்றார். எல்லோரும் அந்தப் படத்தைப் படம் எடுத்துக்கொண்டார்கள். இதைப் பார்க்கவா பஸ் ஏறினேன்? இதுதான் நம் வீட்டிலேயே இருக்கிறதே.

பூச்சு வேலைக்கென்று நம் வீட்டு முகப்பில் நீங்கள் கட்டிய சாரம் மூன்று மழைக்காலத்தைப் பார்த்துவிட்டது. ஊரார் வீட்டுக்கெல்லாம் கட்டி அவிழ்க்கிறீர்கள், நம் வீடு என்றால் மட்டும் "அடுத்த வாரம்". பலகையும் வலையும் ஜன்னலை மறைக்க, பட்டப்பகலில் விளக்குப் போட்டுத் தையல் மெஷினை மிதிக்கிறேன். தங்கை தன் தையல்கடையில் ஜன்னலோரத்து மெஷினை எனக்கென்று ஒதுக்கி வைத்திருக்கிறாள். அங்கே போய்விடுவதா, வீட்டுக்கு வருவதா என்று யோசிக்கத்தான் இந்தப் பயணம். யோசிக்க உட்கார்ந்தால் கால் உட்காரவிடமாட்டேன் என்கிறது.

மாத்திரையை மறக்காதீர்கள். பதில் போட, நாங்கள் தங்கப்போகும் விடுதிகளின் முகவரிகளைப் பின்பக்கம் எழுதியிருக்கிறேன்.

உங்கள் வீட்டுக்காரி


மார்ச் 9

கலெக்டரம்மாவுக்கு,

உத்தரவுப்படி இறங்கி நின்றுதான் படித்தேன். அந்தச் சாரம் மூங்கிலா, இரும்பா? குழாய்க்கு அடியில் பலகை கொடுத்திருக்கிறார்களா, நேராக மண்ணில் ஊன்றிவிட்டார்களா? மண் இளகினால் ஆபத்து. யாரிடமாவது சொல்லிவை.

நீ இல்லாமல் எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. டிவியைப் போடுகிறேன், அணைக்கிறேன், மறுபடி போடுகிறேன். சாரம் இருப்பது துணி காயப்போடத் தோதாக இருக்கிறது என்று நீதானே ஒருநாள் சொன்னாய்? தங்கை வீட்டுப் பேச்சை விடு. மெஷினுக்கு நல்ல விளக்காக ஒன்று வாங்கித் தருகிறேன்.

மேஸ்திரி


மார்ச் 13

என்னங்க,

கோயிலைப் பற்றி எழுதினால் குழாயைப் பற்றிக் கேட்கிறீர்கள். அதைவிட வெட்கக்கேடு, நானும் அடுத்த கோயிலில் குனிந்து பார்த்துவிட்டேன். பலகை கொடுத்திருக்கிறார்கள். நிம்மதியாகத் தூங்குங்கள்.

ஆமாம், அங்கேயும் சாரம்தான். அதற்கடுத்ததில் பாதி. நேற்றுப் பார்த்த ஒன்றில் மட்டும் எதுவும் இல்லை. சாயங்கால வெயில் கல்லின் மேல் நேராக விழுந்து தூணெல்லாம் தேன் நிறமாக இருந்தது. "இங்க பாருங்க" என்று திரும்பினேன். யாருடைய வீட்டுக்காரரோ நின்று கொட்டாவி விட்டுக்கொண்டிருந்தார். மனசு உங்களை அவ்வளவு தேடியது. அதற்குள் வழிகாட்டி விசில் ஊதிவிட்டார்.

விளக்கு வேண்டாம். வெளிச்சம்தான் வேண்டும். ஞாயிற்றுக்கிழமை காலை பஸ் நம் வீட்டைத் தாண்டித்தான் திரும்புகிறது. டிரைவரிடம் சொல்லிவைத்திருக்கிறேன். சாரம் இல்லாமல் வீட்டு முகப்பு தெரிந்து, வாசலில் நீங்களும் நின்றால் இறங்குகிறேன். இல்லையென்றால் தங்கை ஊர்வரை போய்விடுகிறேன்.

உங்கள் வீட்டுக்காரி


மார்ச் 17

கலெக்டரம்மாவுக்கு,

அவிழ்த்துவிட்டேன். ஒற்றை ஆளாக நின்று அவிழ்த்தேன். சுவர் லட்சணமாக இல்லை. பலகை செருகிய இடமெல்லாம் ஓட்டை. கோயிலைப் பார்த்து வரும் கண்ணுக்கு ஏமாற்றமாகத்தான் இருக்கும். ஆனால் உன் மெஷின் மேல் வெயில் விழுகிறது. அதைத் துடைத்து எண்ணெய் போட்டு வைத்திருக்கிறேன்.

குழாய்களை எதிர்வீட்டு டாக்டர் வாசலில் அடுக்கியிருக்கிறேன். மாடி எழுப்புகிறாராம், இப்போதே ஆரம்பிக்கச் சொல்லி நச்சரிக்கிறார். அதெல்லாம் அப்புறம். ஞாயிற்றுக்கிழமை வாசலில் நிற்பேன். சட்டைகூடத் தேய்த்தாகிவிட்டது.

மேஸ்திரி


மார்ச் 24

என்னங்க,

"பஸ் வரவே இல்லையே" என்று தங்கைக்குப் போன் செய்து கேட்டீர்களாம். வந்தது. மெதுவாகத்தான் வந்தது, ஹாரனும் அடித்தது.

வீடு முழுதாகத் தெரிந்தது. நீங்கள் எழுதிய அளவுக்கு மோசமில்லை. அந்த ஓட்டைச் சுவர் எனக்குப் பிடித்துத்தான் இருந்தது. பையைத் தோளில் மாட்டிக்கொண்டு எழுந்தே விட்டேன். வாசலில் யாரும் இல்லை. எதிர்ப்பக்கம் பார்த்தேன். டாக்டர் வீட்டில் சாரம் பாதி ஏறியிருந்தது. மேலே, தேய்த்த சட்டையோடு, தெருவுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நீங்கள் குழாயை முடுக்கிக்கொண்டிருந்தீர்கள். பழைய குருடி கதவைத் திறடி.

கூப்பிட்டிருக்கலாம். "சரி சரி, மேல இருக்கேன்" என்றிருப்பீர்கள். டிரைவர் திரும்பி என்னைப் பார்த்தார். போகலாம் என்றேன்.

கோபம் இல்லை. வருத்தம் இருக்கிறது, நிறையவே இருக்கிறது. இங்கே காலையிலிருந்து மெஷின் மேல் வெளிச்சம். என் கால் ஓரிடத்தில் நிற்கிறது.

துணி காயப்போட உங்களுக்கு இனி சாரம் இல்லை. கொடிக்கயிறு பரணில், நீலப் பெட்டிக்குப் பின்னால் இருக்கிறது. எடுத்துக் கட்டிக்கொள்ளுங்கள்.

தையல்காரி