காலி வரிகள்

கே.கே. நகர், மதுரை
9 ஏப்ரல் 2025

அன்புள்ள ஜோதிக்கு,

இங்கே எல்லோரும் நலம். நீயும் உன் வீட்டுக்காரரும் எப்படி இருக்கிறீர்கள்? ஆபீஸ் சாட்டில் உன்னோடு பேசவே கூச்சமாக இருக்கிறது. அங்கே நீ நாகஜோதி மேடம், பத்துப் பேர் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். அதனால் காலேஜ் லீவில் எழுதிக்கொண்டது மாதிரி கடிதமாகவே எழுதிவிடலாம் என்று உட்கார்ந்துவிட்டேன். மெயிலில் போனால் என்ன, கடிதம் கடிதம்தான்.

வேலை பிடித்திருக்கிறது. நேற்றுச் சாப்பிடும்போது தவசி, "நாள் பூரா கறுப்புத் திரையவே பாத்துக்கிட்டு இருக்கியே, அப்படி என்னதான் செய்யுற" என்று கேட்டார். ஓடுகிற புரோகிராமை நடுவில் நிறுத்தி, எந்த வரியில் நிற்கிறது, உள்ளே என்ன மதிப்பு இருக்கிறது என்று பார்க்கிற கருவிக்கு டீபக்கர் என்று பெயர் என்றேன். ஜோதியின் கம்பெனி புதுசாக ஒன்று செய்திருக்கிறது என்றும் அவரிடம் சொன்னேன். ஆனால் பழைய டீபக்கரில் கை பழகினவர்கள் புதுக் கட்டளைகளைக் கற்றுக்கொள்ள மாட்டேன் என்கிறார்கள். அதனால் புதுசுக்குள்ளேயே பழைய கட்டளைகளும் வேலை செய்கிற மாதிரி ஒரு முறை வைத்திருக்கிறார்கள். பழையதில் என்ன பதில் வருமோ அதுவேதான் இதிலும் வர வேண்டும். வருகிறதா என்று தினமும் தானாக ஓடிப் பார்க்கிற டெஸ்ட்களை நான் எழுதுகிறேன், சரியாக வந்தால் பச்சை, வராவிட்டால் சிவப்பு. இவ்வளவும் கேட்டுவிட்டு அவர், "புது வண்டியில பழைய வண்டி மாதிரியே கியர் விழணும்ங்குறாங்க, அம்புட்டுத்தான" என்றார். டூவீலர் சர்வீஸ் சென்டரில் இருக்கிற என் வீட்டுக்காரர் வேறெப்படிச் சொல்வார். ஆனால் அம்புட்டுத்தான்.

மே கடைசியில் கான்ட்ராக்ட் முடிகிறது. பெர்மனென்ட் ஆக வேண்டும் என்ற ஆசை இருக்கிறது, மறைக்க மாட்டேன். அதைவிடப் பெரிய ஆசை ஒன்று. ஆர்த்திகா பிறந்ததிலிருந்து வீட்டில் இருந்தவள் நான். எனக்கு இன்னும் இந்த வேலை வருமா என்று எனக்கே தெரிய வேண்டும். யாராவது நிமிர்ந்து பார்த்து, இது சரி, இது சரியில்லை என்று சொன்னால்தான் அது தெரியும்.

ஒரே ஒரு குறை. நீ படித்துப் பார்க்க வேண்டிய டெஸ்ட்டை அனுப்பிவிட்டு நான் டீ போட்டு வருவதற்குள் நீ அப்ரூவ் செய்துவிடுகிறாய். அவ்வளவு வேகமாகப் படிப்பாயா நீ? காலேஜில் ஒரு பக்கத்தைப் புரட்ட அரை நாள் எடுத்துக்கொள்வாய்.

அன்புடன்,
பாண்டிமீனா


கிராக்கோ, போலந்து
13 ஏப்ரல் 2025

அன்பு மீனாவுக்கு,

உன் கடிதத்தைப் பார்த்துச் சிரித்துவிட்டேன். மேடமாம் மேடம். இன்னொரு தடவை அப்படி எழுதினால் போன் போட்டுத் திட்டுவேன்.

இங்கே இன்னும் குளிர் விடவில்லை. ஊரில் வெயில் மண்டையைப் பிளக்கிறது என்று அப்பா சொல்கிறார், கேட்கவே ஏக்கமாக இருக்கிறது. தோட்டத்துக் கிணற்றில் தண்ணீர் இருக்கிறதாம், தக்காளிதான் விலை போகவில்லையாம். மலையாண்டி மகளுக்கு வெளிநாட்டில் இருந்தாலும் தக்காளிக் கவலைதான்.

உன் டெஸ்ட் எல்லாம் பார்த்துவிட்டேன், சூப்பராக இருக்கிறது. நீ எழுதினால் அதில் என்ன குறை இருக்கப் போகிறது? எங்கள் டீம் லீடிடம் தெளிவாகச் சொல்லிவிட்டேன், இவள் என் பிரெண்ட், கண்ணை மூடிக்கொண்டு நம்பலாம் என்று. காலேஜில் அன்னக்கொடி மேடம் லேபில் உன் ரெக்கார்டைத்தானே எல்லோருக்கும் தூக்கிக் காட்டுவார்கள். ஒரு பகுதி முடிந்தால் ஒரு வரி காலியாக விடணும், படிக்கிறவளுக்கு மூச்சு விட இடம் வேணும் என்பார்களே, நீ அந்தப் பழக்கத்தை இன்னும் மறக்கவில்லை. உன் கோப்பைத் திறந்ததும் கண்ணில் பட்டது அதுதான்.

ஜூன் ஒன்றாம் தேதி ரிலீஸ். அதற்குள் எத்தனை கட்டளைக்கு முடியுமோ அத்தனைக்கும் எழுதித் தள்ளு. மற்றதை நான் பார்த்துக்கொள்கிறேன். நீ கவலைப்படவே வேண்டாம்.

பிரியமுள்ள,
ஜோதி


கே.கே. நகர், மதுரை
6 மே 2025

அன்புள்ள ஜோதிக்கு,

இன்று காலையிலிருந்து சாப்பிடப் பிடிக்கவில்லை. நடந்ததை வரிசையாகச் சொல்கிறேன்.

ஒரு கோப்பு முழுவதும் ஒரே திரையில் தெரியட்டும் என்று அதிலிருந்த காலி வரிகளை எடுத்தேன். வேறொன்றையும் தொடவில்லை. ஓட்டினால் சிவப்பு. திரும்பக் காலி வரிகளைப் போட்டேன், பச்சை. பயந்துவிட்டேன். காலி வரிக்கும் பதிலுக்கும் என்ன சம்பந்தம்?

அப்புறம்தான் உறைத்தது. டீபக்கரில் ஒன்றும் தட்டாமல் வெறும் என்டர் அழுத்தினால் முந்தின கட்டளையே திரும்ப ஓடும். கையால் தட்டுகிறவர்களுக்காக வைத்த வசதி. பழைய டீபக்கர், கோப்பிலிருந்து படிக்கும்போது காலி வரியைக் கண்டுகொள்ளாது. நம்முடையது அதையும் என்டர் என்றே எடுத்துக்கொள்கிறது. நான் அழகுக்காக விட்ட ஒவ்வொரு காலி வரியிலும் அதற்கு முந்தின கட்டளை இன்னொரு தடவை ஓடியிருக்கிறது.

அப்படியென்றால் எல்லாம் சிவப்பாகத்தானே வந்திருக்க வேண்டும் என்பாய். "இரண்டு வரி தாண்டி நில்" என்ற கட்டளையையே எடுத்துக்கொள். பழைய டீபக்கரின் கட்டளையாக அதைத் தட்டினால், நம்முடையதில் ஒரு வரிதான் தாண்டுகிறது. அது ஒரு நிஜமான பிழை. ஆனால் அடுத்து என் காலி வரி வந்து அதையே இன்னொரு தடவை ஓட்டிவிட, சரியான இடத்தில் போய் நின்றுவிடுகிறது. பிழையைப் பிடிக்க வேண்டிய என் டெஸ்ட்டே அதை மூடி வைத்திருக்கிறது. மதிப்பைக் காட்டுகிற கட்டளைகள் இரண்டு தடவை ஓடினாலும் அதே பதில்தான், எத்தனை தடவை வந்தது என்று என் டெஸ்ட் எண்ணுவதில்லை, அதனால் அவையும் பச்சை. நான் எழுதின எந்தக் கோப்பையும் இப்போது நம்ப முடியாது.

தப்பு என்னுடையதுதான். வெட்கமாக இருக்கிறது. ஆனால் உன்னிடம் ஒன்று கேட்க வேண்டும். பழைய கோப்புகளை ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்துக்கொண்டு வந்தேன். ஒன்றின் நடுவில், "ஜோதி, இந்த இடத்தில் எதற்கு ஒரே பதில் இரண்டு தடவை வருகிறது? எனக்குப் புரியவில்லை, பார்த்துச் சொல்லு" என்று குறிப்பு எழுதியிருந்தேன். பதில் வராததால் முக்கியமில்லை போலிருக்கிறது என்று நினைத்து மறந்தும் போனேன். அந்தக் கோப்பை நீ அப்ரூவ் செய்திருக்கிறாய். "சூப்பர்" என்று எழுதியும் இருக்கிறாய்.

நீ படித்தாயா, இல்லையா?

மீனா


கிராக்கோ
7 மே 2025

அன்பு மீனாவுக்கு,

முதலில் ஒழுங்காகச் சாப்பிடு. உலகம் ஒன்றும் முழுகிவிடவில்லை.

படித்தேனா என்று கேட்கிறாய். ஒன்றிரண்டைப் படித்தேன். மற்றதைத் திறந்து பார்த்து, நீதானே எழுதியது என்று விட்டுவிட்டேன். எதற்காக? உன் பெயரில் நிறைய வேலை முடிந்ததாகத் தெரிய வேண்டும், உன்னை எடுத்துக்கொள்வதில் யாரும் ஒரு சொல் சொல்லக் கூடாது என்பதற்காக. உனக்குத்தானே செய்தேன், எனக்கா?

இப்போது இதைக் கிளப்பாதே. ரிலீஸ் தலைக்கு மேல் இருக்கிறது. கான்ட்ராக்ட் பேச்சு முடியட்டும், அப்புறம் நாம் இரண்டு பேரும் உட்கார்ந்து சத்தமில்லாமல் சரி பண்ணிவிடலாம். யாரிடமும் சொல்லாதே. நான் சொல்கிறபடி கேள்.

ஜோதி


கே.கே. நகர், மதுரை
14 மே 2025

அன்புள்ள ஜோதிக்கு,

இந்நேரம் உனக்குத் தெரிந்திருக்கும். என் டெஸ்ட் எல்லாவற்றையும் திரும்பப் பெறச் சொல்லி, காரணத்தையும் எழுதி, லீடுக்கும் குழுவுக்கும் இன்று காலையில் அனுப்பிவிட்டேன். உன் பெயரை எழுதவில்லை. ஆனால் யார் அப்ரூவ் செய்தது என்று ஒவ்வொரு கோப்பிலும் பதிவாகியிருக்கிறது, அதை நான் மறைக்க முடியாது.

உடனே அனுப்பவில்லை. ஒரு வாரம் யோசித்தேன். அழகர் ஆற்றில் இறங்குகிறார் என்று இந்தப் பக்கம் ரோடெல்லாம் அடைத்துவிட்டார்கள், தவசிக்கும் வண்டி வேலை இல்லை. அவரிடம் சொன்னேன். "பிரேக் பிடிக்காத வண்டின்னு தெரிஞ்சும் சாவியக் குடுத்து அனுப்பச் சொல்லுறாளா ஒன் கூட்டாளி?" என்று கேட்டார். கோபமாகக் கேட்கவில்லை. அதற்குப் பிறகு எனக்கு வேறு வழி தெரியவில்லை. அந்தக் கட்டளையை நம்பித் தன் புரோகிராமில் பிழை தேடப் போகிறவன் எவனோ ஒருவன் இருக்கிறான். தப்பான வரியில் நின்றுகொண்டு நாள் பூரா தலையைப் பிய்த்துக்கொள்வான்.

உனக்குக் கோபம் வரும். வரட்டும். ஆனால் எனக்கும் கோபம் இருக்கிறது, அதை இதுவரை உன்னிடம் சொன்னதில்லை.

மூன்றாம் வருட லீவில் உங்கள் ஊருக்கு வந்தேனே, ஞாபகம் இருக்கிறதா? உன் அம்மா இலை போட்டு, கறிக்குழம்பு ஊற்றி, பார்த்துப் பார்த்துப் பரிமாறினார்கள். நீ அடுப்படிக்கும் கூடத்துக்கும் போய் வந்துகொண்டிருந்தாய். நான் உதவி செய்யலாம் என்று எழுந்தபோதெல்லாம், "நீ விருந்தாளி தாயி, சும்மா உக்காரு" என்று கையைப் பிடித்து உட்கார வைத்தார்கள். இருந்த இரண்டு நாளும் அடுப்படி வாசலை நான் தாண்டவில்லை. எங்கள் அப்பா சிவபாண்டி, டி. கல்லுப்பட்டியில் சொந்தமாக நிலம் வாங்குவதற்கு முன்னால் உங்கள் ஊர்ப் பக்கத்துத் தோட்டங்களில்தான் கூலிக்குக் களை வெட்டினார், அது அவர்களுக்கும் தெரியும். அது பிரியமா, வேறு ஏதாவதா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. உன்னிடம் கேட்கவும் மாட்டேன். ஆனால் நீ போட்ட "சூப்பர்" எல்லாவற்றையும் வரிசையாகப் பார்த்தபோது, அந்தக் கூடத்தில் திரும்ப உட்கார்ந்த மாதிரி இருந்தது.

நீ இதுவரை எனக்குச் செய்த நல்லதுக்கெல்லாம் நன்றி, ஒன்றையும் மறக்கவில்லை. இனிமேல் எனக்கு நல்லது செய்யாதே. நான் எழுதியதைப் படி. தப்பு என்றால் தப்பு என்று எழுது. குழுவில் மற்ற பையன்களை எப்படிக் குடைந்து எடுக்கிறாய் என்று பார்த்திருக்கிறேன். என்னை மட்டும் ஏன் விட்டாய்?

புதிதாக எழுத ஆரம்பித்துவிட்டேன். அனுப்புவேன். பார்க்க விருப்பமில்லை என்றால் வேறு யாருக்காவது மாற்றிவிடு.

மீனா


கிராக்கோ
15 மே 2025

மீனாவுக்கு,

இன்று முழுக்க லீட் முன்னால் தலைகுனிந்து உட்கார்ந்திருந்தேன். படிக்காமல் அப்ரூவ் செய்தாயா என்று எல்லோர் முன்னிலையிலும் கேட்டார். ஆமாம் என்றேன். ரிலீஸ் தள்ளிப் போகிறது. இந்த நேரத்தில் உன்னைப் பெர்மனென்ட் ஆக்கும் பேச்சை எடுக்கவே முடியாது. கான்ட்ராக்ட்டை மட்டும் இரண்டு மாதம் நீட்டியிருக்கிறார்கள், அதுவும் உன் டெஸ்ட்டை நீயே திரும்ப எழுத வேண்டும் என்பதற்காக.

எனக்கு ஒரு போன் போட்டுச் சொல்லிவிட்டு அனுப்பியிருக்கலாம். அவ்வளவுதான் எழுத முடிகிறது.

நாகஜோதி


கே.கே. நகர், மதுரை
20 மே 2025

ஜோதிக்கு,

போன் போட்டிருந்தால் நீ என்னை நிறுத்தியிருப்பாய், நானும் நின்றிருப்பேன். அதனால்தான் போடவில்லை.

புதிதாக எழுதியதில் முதல் பகுதியை அனுப்பியிருக்கிறேன். காலி வரி விட்டால் என்ன ஆக வேண்டும் என்பதற்கே தனியாக ஒரு டெஸ்ட் எழுதி முதலில் வைத்திருக்கிறேன். இப்போது அது சிவப்பு. அது சிவப்பாகத்தான் இருக்க வேண்டும், டீபக்கரைச் சரிசெய்கிற வரைக்கும்.

மீனா


கிராக்கோ
27 மே 2025

மீனாவுக்கு,

இவ்வளவு நாள் பதில் எழுதாததற்குக் காரணம், படித்துக்கொண்டிருந்தேன். பழைய டீபக்கரையும் புதுசையும் பக்கத்தில் பக்கத்தில் திறந்து வைத்து, உன் ஒவ்வொரு வரியையும் இரண்டிலும் தட்டிப் பார்த்தேன். என் வீட்டுக்காரர், ஒரு வாரமாக நீ என்னோடு பேசவில்லை என்கிறார்.

அப்ரூவ் செய்யவில்லை. குறிப்புகளை ஆபீஸில் எல்லோரும் பார்க்கிற இடத்திலேயே எழுதியிருக்கிறேன், நிறைய இருக்கின்றன. சுருக்கமாக இங்கேயும் சொல்கிறேன். எந்த இடத்தில் என்று பெயர் தராமல் புரோகிராமை நிறுத்தச் சொன்னால் என்ன ஆகும் என்று நீ பார்க்கவே இல்லை. பதிலில் ஒரு சொல் எங்காவது வந்தால் போதும், பச்சை என்று எழுதியிருக்கிறாய். அது சோம்பேறித்தனம், முழுப் பதிலையும் ஒப்பிடு. நினைவகத்தைக் காட்டுகிற கட்டளைக்கு நீ எழுதிய கோப்பு குப்பை, முதலிலிருந்து எழுது. கடைசிக் கோப்பில், புரோகிராம் நிற்பதற்குக் குறித்த இடம் ஒன்றை அதன் எண் சொல்லி அழித்துவிட்டு அதே எண்ணைத் திரும்ப அழித்தால் பழைய டீபக்கர் ஒன்றும் சொல்லாது, நீ எச்சரிக்கை வரும் என்று எழுதியிருக்கிறாய். அது தப்பு.

காலி வரிக்கு எழுதியது நன்றாக இருக்கிறது. அந்த ஒன்றை மட்டும் ஏற்றுக்கொண்டேன்.

என் அம்மாவைப் பற்றி நீ எழுதியதைத் திரும்பத் திரும்பப் படித்தேன். அதற்கு ஏதாவது எழுதி உன்னைச் சமாதானப்படுத்தப் பார்ப்பதும் பழைய ஜோதி வேலைதான். அதனால் எழுதவில்லை.

ஜோதி


கே.கே. நகர், மதுரை
28 மே 2025

அன்புள்ள ஜோதிக்கு,

உன் குறிப்புகளைப் படித்து முதலில் அழுகை வந்தது. குப்பை என்று எழுதியிருக்கிறாயே, எல்லோரும் பார்க்கிற இடத்தில். அப்புறம் இரண்டாம் தடவை படித்தேன். என்னை இவ்வளவு கவனமாக யாரும் படித்ததில்லை, ஜோதி. எழுந்து போய் ஆர்த்திகாவைத் தூக்கி ஒரு சுற்றுச் சுற்றினேன். அம்மாவுக்கு என்ன வந்தது என்று அவள் முழித்தாள்.

அநேகமாக நீ சொன்னதெல்லாம் சரி, திரும்ப எழுதுகிறேன். கடைசிக் கோப்பில் மட்டும் நீ சொல்வது தப்பு. ஏற்கனவே அழித்த எண்ணைத் திரும்ப அழிக்கச் சொன்னால் பழைய டீபக்கர், அப்படி ஒரு எண் இல்லை என்று சொல்லும். நீ எண் தராமல் வெறுமனே அழித்துப் பார்த்திருப்பாய், அப்போதுதான் பேசாமல் இருக்கும். எண்ணோடு தட்டிப் பார். அதுவரை அந்த வரியை நான் மாற்றப் போவதில்லை.

அன்புடன்,
மீனா


கிராக்கோ
29 மே 2025

அன்பு மீனாவுக்கு,

எண்ணோடு தட்டிப் பார்த்தேன். நீ சொன்னபடிதான் வருகிறது. என் குறிப்பு தப்பு என்று அதே இடத்தில் எழுதிவிட்டேன், எல்லோரும் பார்க்கட்டும்.

"இரண்டு வரி தாண்டி நில்" கட்டளையின் பிழையைச் சரிசெய்கிற வேலை என்னிடம் வந்திருக்கிறது. நேற்று எழுதி முடித்தேன். ஒரு இடத்தில் எனக்கே சந்தேகம் இருக்கிறது, எந்த இடம் என்று சொல்ல மாட்டேன். பார்ப்பவர் என்ற இடத்தில் உன் பெயரைப் போட்டிருக்கிறேன். லீட் சரி என்றார். நீ அப்ரூவ் செய்யாமல் அது உள்ளே போகாது.

அவசரம் இல்லை, நன்றாகப் படி.

ஜோதி