வேதாவின் விண்ணப்பத்தில் நான் எழுதிய பெயர்

என் சௌந்தரம் அக்காவுக்கு, ஜொகூர்ப் பக்கத்துக் கூலாயிலிருந்து உன் மரகதம் எழுதுகிறேன்.

நீ போய் மூன்று வருஷம் முடிந்துவிட்டது. இத்தனை நாளும் உன்னோடு மனசுக்குள் பேசினால் போதும் என்று இருந்தேன். இப்போது போதவில்லை. இந்த ஏழெட்டு மாதமாக உன் பெண்ணைப் பள்ளிக்கூடத்தில் சேர்க்க நான் பட்ட பாட்டை யாரிடமாவது கொட்டாவிட்டால் எனக்குப் பைத்தியம் பிடித்துவிடும். அதோடு, உனக்கு நான் செய்த ஒரு துரோகமும் இதில் இருக்கிறது. அதை நானே சொல்லிவிடுகிறேன்.

இவருக்கு இங்கே ரப்பர் தோட்டத்தில் சின்னக் கிராணி வேலை. ஆபீசில் உட்கார்ந்து கணக்கு எழுதுகிற உத்தியோகம். வீடு கொடுத்ததும், வரச் சொல்லி எழுதினார். என் ராஜத்தையும் உன் வேதாவையும் கூட்டிக்கொண்டு நாகப்பட்டினத்தில் கப்பல் ஏறினேன். அத்தான் ரங்கூனுக்குப் போனவர், முதல் வருஷம் இரண்டு கடிதம் போட்டார். அப்புறம் ஒன்றுமில்லை. வேதாவை யாரிடம் விட்டுவிட்டு வருவேன், சொல்லு?

தோட்டத்தில் ஒரு தமிழ்ப் பள்ளிக்கூடம் இருக்கிறது. கூலிக்காரர்கள் குடியிருக்கிற லயத்துக் கோடியில் ஒரே அறை, நாலாம் வகுப்போடு சரி. வேதா திருவாரூரில் ஐந்தாவது பாஸ் பண்ணியவள். அவளை அங்கே உட்காரவைத்து மறுபடி என்ன படிக்கச் சொல்வது? ஜொகூர் பாருவில் வெள்ளைக்கார மிஸ்ஸியம்மாக்கள் நடத்துகிற பெண்கள் பள்ளி ஒன்று உண்டு, காலை ரயிலில் போய்ச் சாயங்காலம் திரும்பலாம் என்றார்கள். இரண்டு பெண்களுக்கும் தலை பின்னி, பாவாடை சட்டை போட்டுக் கூட்டிக்கொண்டு போனேன்.

ராஜத்துக்கு ஏழு வயது. காபி குடிக்கிற நேரத்துக்குள் அவள் காரியம் முடிந்துவிட்டது. வேதாவின் முறை வந்தபோதுதான் சனி பிடித்தது. பள்ளி ஆபீசில் யாழ்ப்பாணத்துக் கிளார்க் ஐயா ஒருவர். நல்ல மனிதர். ஐந்தாவது பாஸ் சர்டிபிகேட்டைக் கையில் வாங்கிப் படித்துவிட்டுத் திருப்பித் தந்தார்.

"தமிழில இருக்கிற பேப்பர் இஞ்ச எடுபடாது, அம்மா. இங்கிலீஷில எழுதி, பத்திரம் எழுதுற நொத்தாரிசிட்ட கையெழுத்தும் வாங்கோணும். பிறப்புப் பத்திரம் இருக்கோ?"

இருந்தது. கப்பல் ஏறுவதற்கு முன்னால் முனிசிபல் ஆபீசில் நாலு நாள் காத்துக் கிடந்து வாங்கியது. அதில் என்ன எழுதியிருந்தது தெரியுமா அக்கா? தகப்பன் பெயர், உன் பெயர், தெருவின் பெயர் எல்லாம் இருந்தது. பிள்ளையின் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் 'பெண் குழந்தை' என்று மட்டும். பிறந்த மறுநாளே அத்தான் போய்ப் பதிந்திருக்கிறார், அப்போது நீங்கள் பெயரே வைத்திருக்கவில்லை. "இந்தப் பெண் குழந்தை இவள்தான் எண்டு நான் எப்பிடி நம்புறது?" என்று கேட்டார் கிளார்க் ஐயா. கேலியாகக் கேட்கவில்லை, நிஜமாகவே கேட்டார். எனக்கு அழுவதா சிரிப்பதா தெரியவில்லை.

அடுத்த தடவை போனபோது தகப்பனார் சம்மதக் கடிதம் வேண்டும் என்றார்கள். ரங்கூனுக்கு மூன்று கடிதம் போட்டேன், பதில் இல்லை. அதற்கடுத்த தடவை, நான் சித்திதானே, வளர்க்கிற உரிமை எனக்கு உண்டு என்று கோர்ட்டிலிருந்து காகிதம் வேண்டும் என்றார்கள். எந்தக் கோர்ட்? திருவாரூரா, ஜொகூரா? அதை யாரும் சொல்லவில்லை. கடைசியில் வயது வந்து நின்றது. இங்கிலீஷ் தெரியாத பிள்ளை முதல் வகுப்பில்தான் சேர வேண்டும். பத்து வயது தாண்டிய பிள்ளையை முதல் வகுப்பில் சேர்க்க மாட்டார்களாம். அப்படியானால் பதினொரு வயதில் கப்பலேறி வந்த பிள்ளை எங்கேதான் போவாள்?

ஒவ்வொரு தடவையும் அதே ரயில், அதே பெஞ்சு. ராஜம் யூனிபாரம் போட்டுக்கொண்டு வகுப்புக்கு ஓடுவாள். வேதா என் பக்கத்தில் உட்கார்ந்து மடியில் கையை வைத்துக்கொண்டு அவள் போவதையே பார்ப்பாள். ஒரு வார்த்தை கேட்கமாட்டாள். கேட்டிருந்தால்கூட எனக்குக் கொஞ்சம் ஆறியிருக்கும்.

ஐந்தாவது தடவை. ஆபீசில் வேறு யாரும் இல்லை. கிளார்க் ஐயா குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"நான் சொல்லிறன் எண்டு நினைக்காதேங்கோ. சின்னவளின்ர ஃபாரத்தில எழுதின மாதிரியே பெரியவளுக்கும் எழுதிவிடுங்கோ. தாய் தகப்பன் நீங்கள். வயசு ஒன்பது. பிள்ளையும் மெலிவு, ஒருத்தரும் கேட்கமாட்டினம்."

வீட்டுக்கு வந்து இவரிடம் சொன்னேன். "இதுல யோசிக்க என்ன இருக்கு மரகதம்? அவ படிக்கணுமா வேண்டாமா? ஒரு காகிதந்தானே, எழுதிப்புடு" என்றார். அவரைக் குறை சொல்ல மாட்டேன். அலைந்து அலைந்து அவருக்கும் வெறுத்துப்போயிருந்தது.

எழுதினேன் அக்கா. தாயின் பெயர் என்ற இடத்தில் என் பெயரைச் சொல்லி எழுதவைத்துக் கையெழுத்துப் போட்டேன். உன்னை ஒரே வரியில் இல்லாமல் பண்ணிவிட்டேன். வேதா பக்கத்திலேயே நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். வெளியே வந்ததும், "பள்ளிக்கூடத்துல என்னை அம்மான்னு கூப்பிடணும், தெரியுதா?" என்றேன். தலையாட்டினாள்.

அன்றிலிருந்து அவள் என்னைச் சித்தி என்று கூப்பிடவில்லை. பள்ளி வாசலில் மற்றவர் காதில் விழ 'அம்மா' என்பாள். வீட்டில் எதுவுமே சொல்லிக் கூப்பிடுவதில்லை. "சாப்பாடு போடறீங்களா", "தலை பின்னிவிடறீங்களா", அவ்வளவுதான். ஆறு வயதுப் பிள்ளைகளுக்கு நடுவில் காலை மடக்கி உட்கார்ந்து ஏ, பி, சி எழுதிவிட்டு வருவாள். நான் ஆசைப்பட்டது கிடைத்துவிட்டது. அப்புறம் ஏன் எனக்கு எரிந்து எரிந்து விழத் தோன்றியது? ராஜத்தை அடித்தேன். இவரோடு சண்டை போட்டேன்.

போன மாதம் உன் திதி வந்தது. முதல் நாள் சாயங்காலம் அரிசி களைந்துகொண்டிருந்தேன். வேதா வந்து நின்றாள்.

"நாளைக்கு நான் பள்ளிக்கூடம் போகலை. லீவு லெட்டர் வேணும்."

"சரி, சித்தப்பாகிட்ட எழுதித் தரச் சொல்றேன்."

"என்னன்னு எழுதுவீங்க?"

பள்ளிக்கூடத்துக் கணக்கில் அவள் அம்மா உயிரோடு இருக்கிறாள். ஃபாரத்தில் கையெழுத்துப் போட்டிருக்கிறாள். செத்துப்போன அம்மாவின் திதி என்று எப்படி எழுதுவது? கூடத்திலிருந்து இவர் சொன்னார், "காய்ச்சல்னு எழுதிட்டாப் போச்சு."

"காய்ச்சல்னு எழுதினா நான் பள்ளிக்கூடமே போயிடறேன்" என்றாள் வேதா. சத்தம் போட்டுச் சொல்லவில்லை. "எங்கம்மா திதிக்குப் பொய் சொல்லி லீவு வேண்டாம்."

அவளை வேலையோடு வேலையாக அதட்டியிருக்கலாம். அதட்ட வாய் வரவில்லை. இவரைக் காகிதம் எடுக்கச் சொல்லி, உள்ளதை உள்ளபடி இங்கிலீஷில் எழுதச் சொன்னேன். "சீட்டு போயிடும்டி" என்றார். "போகட்டும்" என்றேன். மறுநாள் ராஜம் அதை எடுத்துக்கொண்டு போனாள். நாங்கள் உனக்கு இலை போட்டோம். வேதாவே உனக்குப் பிடித்த வாழைக்காய்ப் பொரியல் செய்தாள்.

அதற்கு மறுநாள் பெரிய மிஸ்ஸியம்மா கூப்பிட்டு அனுப்பினார். மேஜை மேல் ஃபாரம் ஒரு பக்கம், லீவு லெட்டர் ஒரு பக்கம். அவர் கேட்பதைத் தமிழில் சொல்ல நின்றவர் யார் தெரியுமா? அதே கிளார்க் ஐயா. முகத்தில் ரத்தமே இல்லை.

"இரண்டில எது பொய் எண்டு கேட்கிறா" என்றார்.

"ஃபாரம்தான் பொய். இவ எங்க அக்கா பொண்ணு. வயசு பதினொண்ணு."

"இப்பிடி எழுதச் சொல்லி ஆர் சொன்னது எண்டு கேட்கிறா." இதைச் சொல்லும்போது அவர் என்னைப் பார்க்கவில்லை.

"யாரும் சொல்லலை. நானேதான் எழுதினேன். இங்கே வேற வழி எதுவும் எனக்குத் தெரியலை. அஞ்சு தடவை வந்து திரும்பிப் போனேன், அதையும் சொல்லுங்க."

அவர் சொன்னார். ஒரு வார்த்தையும் விடாமல் சொன்னார் என்றுதான் நினைக்கிறேன், நான் சொன்னதைவிட நீளமாக இருந்தது. மிஸ்ஸியம்மா ரொம்ப நேரம் கோபமாகப் பேசினார். பொய் சொன்ன குடும்பத்துப் பிள்ளையை வைத்துக்கொள்வது பள்ளிக்கு அழகில்லை என்றார். எனக்கும் கோபம் வந்தது. இத்தனை காகிதம் கேட்டவர்கள், இந்தப் பிள்ளைக்கு என்ன தெரியும் என்று ஒருவராவது கேட்டார்களா? அதையும் சொல்லச் சொன்னேன். கிளார்க் ஐயா தயங்கித்தான் சொன்னார்.

மிஸ்ஸியம்மா மேஜையிலிருந்து புது ஃபாரம் ஒன்றை எடுத்தார். வயது பதினொன்று என்றால் முதல் வகுப்பில் இடமில்லை. மூன்றாம் வகுப்பில் வைக்கிறேன். வருஷக் கடைசிப் பரீட்சையில் தேறினால் இருக்கலாம், தேறாவிட்டால் பெயரை எடுத்துவிடுவேன் என்றார். மூன்று மாதத்தில் இரண்டு வகுப்பு இங்கிலீஷ். இது கருணையா தண்டனையா என்று எனக்கு இன்னும் விளங்கவில்லை.

ஃபாரத்தை நிரப்பக் கிளார்க் ஐயா பேனாவை எடுத்தார். வேதா கையை நீட்டி, "நான் எழுதறேன்" என்றாள். தாயின் பெயர் என்ற இடத்தில், கற்றுக்கொண்ட இங்கிலீஷ் எழுத்தைக் கூட்டிக் கூட்டி உன் பெயரை எழுதினாள். எத்தனை நேரம் ஆனது! எழுத்து தப்பாகக்கூட இருக்கலாம். யாரும் திருத்தவில்லை.

இப்போது பரீட்சைக்கு இரண்டு மாதம் இருக்கிறது. ரயிலிலும் வீட்டிலும் புத்தகமும் கையுமாக இருக்கிறாள். கணக்கில் வகுப்பிலேயே அவளுக்குத்தான் முதலிடமாம். இங்கிலீஷில் போன வாரம் ஆசிரியை பக்கம் முழுக்கச் சிவப்புக் கோடு போட்டு அனுப்பினார். தேறுவாளா? எனக்குத் தெரியாது அக்கா. உன்னிடம் பொய் சொல்ல முடியாது.

ஆனால் இதற்கு வாக்குக் கொடுக்கிறேன். இந்தப் பள்ளி அவளை வெளியே அனுப்பினால் அடுத்த பள்ளியின் பெஞ்சில் போய் உட்காருவேன், அதுவும் இல்லையென்றால் அதற்கடுத்தது. எத்தனை ஃபாரம் நீட்டினாலும் உன் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் உன் பெயர்தான் இருக்கும். நேற்று அடுப்பங்கரையிலிருந்து, "சித்தி, விளக்கைக் கொஞ்சம் தூண்டிவிடுங்க, எழுத்து தெரியலை" என்று கூப்பிட்டாள். போய்த் தூண்டிவிட்டு வந்தேன்.

உன் மகளுக்கு என்றும் சித்தியாகவே இருக்கப்போகும்,
உன் தங்கை
மரகதம்